பப்ளிக் யூனிவர்சிட்டி தரம் பத்தின புத்தகங்கள்: ஆளுக்கு ஒண்ணு ஏன் சொல்றாங்க?

அமெரிக்க பப்ளிக் யூனிவர்சிட்டி பத்தி எங்க பேச்சு ஆரம்பிச்சாலும் கொஞ்ச நேரத்துல யாராவது ஒரு புத்தகத்தை இழுத்துட்டு வந்துடுவாங்க. "ரெண்டு வருஷம் படிச்சும் பாதிப் பேர் ஒண்ணுமே கத்துக்கலையாம், புத்தகமே வந்திருக்கு"ன்னு ஒருத்தர். "எல்லாம் நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு, கவர்மெண்ட் காசைக் குறைச்சதும் கெட்டுப்போச்சு, அதுக்கும் புத்தகம் இருக்கு"ன்னு இன்னொருத்தர். மூணாவது ஆள் வந்து படிப்பே வேஸ்ட், டிகிரிங்கிறது வெறும் முத்திரைம்பார், அவர் கையிலயும் ஒரு புத்தகம். மூணு புத்தகமும் நிஜமாவே இருக்கு, எழுதினவங்களும் விஷயம் தெரிஞ்சவங்கதான். ஆனா மூணு பேரும் அளந்தது மூணு வேற சமாச்சாரம். பெரும்பாலானவங்க புத்தகத்தோட ஒரு வரியை மட்டும் எங்கயோ கேட்டுட்டு வந்து சண்டை போடறாங்க, அதனால யார் எதை அளந்தாங்கங்கிற கேள்வியே எழறதில்ல. அதைத்தான் இங்க கொஞ்சம் பொறுமையா பார்க்கப் போறோம், முன்னாடி எதுவும் படிச்சிருக்கணும்னு இல்ல.

முதல்ல, எந்த யூனிவர்சிட்டியைப் பத்திப் பேசறோம்?

பப்ளிக் யூனிவர்சிட்டின்னா மாநில அரசோட பொறுப்புல, வரிப்பணத்துல ஒரு பங்கு வாங்கி நடக்கற யூனிவர்சிட்டி. அமெரிக்காவுல இது கிட்டத்தட்ட முழுக்க மாநிலங்களோட வேலை. 1862ல லிங்கன் கையெழுத்துப் போட்ட மோரில் சட்டம் மாநிலங்களுக்கு நிலத்தைக் கொடுத்து, அதை வித்து வர்ற காசுல விவசாயமும் தொழில்நுட்பமும் சொல்லிக்கொடுக்கற காலேஜ் நடத்துங்கன்னு சொல்லுச்சு. இன்னைக்குப் பெரிய பேர் வாங்கின பல மாநில யூனிவர்சிட்டிகள் அப்படி வந்ததுதான்.

இதுல ஒரு படிநிலை இருக்கு. மேல இருக்கறது ஃப்ளாக்‌ஷிப், அதாவது அந்த மாநிலத்துலயே பேர் பெத்த, ஆராய்ச்சி நிறைய நடக்கற, சீட் கிடைக்கறது கஷ்டமான யூனிவர்சிட்டி. அதுக்குக் கீழ ரீஜனல் காலேஜ்கள், பெரும்பாலும் பாடம் நடத்தறதுதான் முக்கிய வேலை. அதுக்கும் கீழ ரெண்டு வருஷ கம்யூனிட்டி காலேஜ், ஸ்கூல் முடிச்ச யாரும் சேரலாம். கலிஃபோர்னியா 1960ல இதை மாஸ்டர் பிளான்னு ஒரு திட்டமாவே எழுதி வெச்சுது: ஸ்கூல் முடிக்கறவங்கள்ல மேல இருக்கற எட்டுல ஒரு பங்குக்கு யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா, மேல இருக்கற மூணுல ஒரு பங்குக்கு ஸ்டேட் காலேஜ், மத்த எல்லாருக்கும் கம்யூனிட்டி காலேஜ்.

ஆக "பப்ளிக் யூனிவர்சிட்டில தரம் எப்படி?"ன்னு யாராவது பொதுவா கேட்டா, பெர்க்லி மாதிரி பேர் பெத்த இடத்தைக் கேக்கறாங்களா இல்ல வேலை பாத்துக்கிட்டே சாயங்காலம் கிளாஸுக்கு வர்றவங்க நிறைஞ்ச ஒரு ரீஜனல் கேம்பஸைக் கேக்கறாங்களான்னு முதல்ல திருப்பிக் கேக்கணும். புத்தகம் வாங்கறப்பவும் இதே கேள்விதான்.

ரெண்டு ஆஸ்பத்திரி

ஒரு ஊர்ல ரெண்டு ஆஸ்பத்திரி இருக்குன்னு வெச்சுக்குவோம். முதல் ஆஸ்பத்திரி வாசல்லயே டெஸ்ட் பண்ணி லேசான காய்ச்சல்காரங்களை மட்டும் உள்ள விடுது. ரெண்டாவது, யாரைத் தூக்கிட்டு வந்தாலும் சேத்துக்குது. வருஷக் கடைசில கணக்குப் பாத்தா முதல் ஆஸ்பத்திரில நூத்துக்கு 99 பேர் குணமாகி வீட்டுக்குப் போயிருப்பாங்க, ரெண்டாவதுல 80 பேர். எந்த ஆஸ்பத்திரில வைத்தியம் நல்லா நடக்குதுன்னு இந்த ரெண்டு நம்பரை வெச்சு சொல்லவே முடியாது. லேசான காய்ச்சல் மருந்தே இல்லாமலும் போயிருக்கும். வந்தப்ப எப்படி இருந்தாங்கன்னு தெரிஞ்சாத்தான் ஆஸ்பத்திரி என்ன செஞ்சுதுன்னு சொல்ல முடியும்.

யூனிவர்சிட்டி விஷயத்துல வாசல்ல பொறுக்கி எடுக்கறதுக்குப் பேர் செலெக்‌ஷன். உள்ள வந்ததுக்கும் வெளிய போறதுக்கும் நடுவுல ஒரு ஆள்கிட்ட வந்த மாற்றத்துல அந்த இடத்தால வந்த பங்குக்குப் பேர் வேல்யூ ஆடட். மொத்தக் குழப்பமும் இந்த ரெண்டையும் பிரிக்காததாலதான். பேர் போன ரேங்கிங் ஒண்ணு, யூ.எஸ். நியூஸ் பத்திரிகை போடறது, 1983ல முதல் தடவை வந்தப்ப காலேஜ் தலைவர்கள்கிட்ட எந்த காலேஜ் நல்லதுன்னு அபிப்பிராயம் கேட்டுத்தான் போட்டாங்க. இதுல கத்துக்கறது எங்க வந்துச்சு, பேர்தான் வந்துச்சு.

செலெக்‌ஷனையும் வேல்யூ ஆடடையும் பிரிச்சுப் பாக்க முடியுமான்னா, ஓரளவு முடியும். ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர்னு ரெண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 2002ல வெளியிட்ட கட்டுரைல ஒரு நல்ல யுக்தி பண்ணினாங்க. ஒரே மாதிரி காலேஜ்களுக்கு அப்ளை பண்ணி, ஒரே மாதிரி காலேஜ்கள்ல சீட்டும் கிடைச்சு, ஆனா கடைசில வேற வேற இடத்துல சேர்ந்தவங்களைத் தேடி எடுத்து, பின்னாடி அவங்க சம்பளத்தை ஒப்பிட்டாங்க. பெரிய பேர் உள்ள இடத்துல சேர்ந்ததால மட்டும் பெரும்பாலானவங்களுக்குக் கூடுதல் சம்பளம் எதுவும் தெரியல. வசதி இல்லாத வீட்டுப் பசங்களுக்கு மட்டும் நல்ல பலன் தெரிஞ்சுது. இந்தக் கடைசி வாக்கியத்தை மறந்துட்டு மேற்கோள் காட்டறவங்கதான் ஜாஸ்தி.

இதுவரைக்கும் சுருக்கமா: படிச்சு முடிச்சவங்க எவ்வளவு கெட்டிக்காரங்கன்னு பாத்து யூனிவர்சிட்டிக்கு மார்க் போட்டா, பாதி மார்க் அட்மிஷன் ஆபீஸுக்குப் போய்டும்.

கத்துக்கறதை நேரா அளக்கப் போனவங்க

"பாதிப் பேர் ஒண்ணும் கத்துக்கல"ங்கிற பேச்சு வந்தது 'அகடமிக்கலி அட்ரிஃப்ட்'ங்கிற புத்தகத்துலேர்ந்து, ரிச்சர்ட் ஆரமும் ஜோசிபா ரோக்சாவும் எழுதி 2011ல வந்துச்சு. 24 காலேஜ், 2,300க்கும் மேல மாணவர்கள், பப்ளிக்கும் உண்டு தனியாரும் உண்டு. சேர்ந்த புதுசுல ஒரு டெஸ்ட், ரெண்டாம் வருஷக் கடைசில அதே வகை டெஸ்ட். ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு ஏறியிருக்குன்னு பாத்தாங்க, நம்ம ஆஸ்பத்திரி பாஷைல சொன்னா வந்தப்பவும் பாத்தாங்க அப்புறமும் பாத்தாங்க.

அந்த டெஸ்டுக்குப் பேர் சி.எல்.ஏ. இதுல மனப்பாடம் எதுவும் கிடையாது. உதாரணத்துக்கு ஒரு கேள்வி இப்படிப் போகும்: நீங்க ஒரு கம்பெனி தலைவரோட உதவியாளர். விற்பனைப் பிரிவு ஆளுங்க போய்வர ஒரு சின்ன விமானம் வாங்கலாம்னு ஒருத்தர் சிபாரிசு பண்ணியிருக்கார், வாங்கப் போற நேரத்துல அதே மாடல் விமானம் ஒண்ணு விபத்துல சிக்கிடுச்சு. உங்க கையில ஒரு கட்டுக் காகிதம் கொடுப்பாங்க, விபத்து பத்தின பத்திரிகைச் செய்தி, அரசாங்க விபத்து அறிக்கை, ஆபீஸ் இமெயில், அந்த விமானத்தோட செயல்திறன் சார்ட், வேற விமானங்களோட ஒப்பிட்டு எழுதின ஒரு கட்டுரை. ஒண்ணரை மணி நேரத்துல எல்லாத்தையும் படிச்சு, எது நம்பத்தகுந்த ஆதாரம் எது இல்லைன்னு பிரிச்சு, வாங்கலாமா வேண்டாமான்னு தலைவருக்கு ஒரு குறிப்பு எழுதணும். நிஜ ஆபீஸ்ல பண்ற வேலைதானே இது.

ரிசல்ட்: 45 சதவீதம் பேர்கிட்ட புள்ளியியல் ரீதியா சொல்லிக்கற அளவுக்கு முன்னேற்றம் தெரியல. நாலு வருஷம் முழுக்க பாத்தப்ப இது 36 சதவீதம்.

"புள்ளியியல் ரீதியா"ங்கிற வார்த்தைதான் பேச்சுல முதல்ல காணாமப் போகுது. ஒரே ஆள் அடுத்தடுத்த நாள் இதே மாதிரி டெஸ்ட் எழுதினாக்கூட தூக்கம், மூடுன்னு மார்க் கொஞ்சம் ஏறி இறங்கும். அந்தத் தற்செயல் ஏத்த இறக்கத்தைத் தாண்டி மார்க் ஏறியிருக்குன்னு உறுதியா சொல்ல முடிஞ்சாத்தான் "முன்னேற்றம்"னு எண்ணுவாங்க. உறுதியா சொல்ல முடியலைங்கறதால அவர் கத்துக்கவே இல்லைன்னு ஆகிடாது. கல்வி ஆய்வுல பெரிய ஆளான அலெக்ஸாண்டர் ஆஸ்டின் அப்பவே இதைத்தான் ஆட்சேபிச்சார். இன்னொண்ணு, இந்த டெஸ்ட் மார்க் டிகிரில சேராது, அதனால எத்தனை பேர் சிரத்தையா எழுதினாங்கங்கிற சந்தேகமும் உண்டு.

என்னைக் கேட்டா புத்தகத்துல இதைவிட அழுத்தமான விஷயம் வேற இடத்துல இருக்கு. ஒரு சாதாரண செமஸ்டர்ல, வாரத்துக்கு 40 பக்கத்துக்கு மேல படிக்க வேண்டிய பாடம் ஒண்ணுகூட எடுக்காதவங்க 32 சதவீதம். செமஸ்டர் முழுக்க சேத்து 20 பக்கத்துக்கு மேல எழுத வேண்டிய பாடம் ஒண்ணுகூட எடுக்காதவங்க பாதிப் பேர். இதுக்குப் புள்ளியியல் வாதமெல்லாம் வேண்டாம், வேலை கொடுக்கலைன்னா வேலை நடக்காது. ப்ரொஃபசர் கறாரா எதிர்பார்த்த இடத்துல, நிறைய படிக்கவும் எழுதவும் வெச்ச இடத்துல மார்க் ஏறியிருந்துச்சு. அதோட காலேஜுக்கும் காலேஜுக்கும் இருந்த வித்தியாசத்தைவிட ஒரே காலேஜுக்குள்ள மாணவர்களுக்கு நடுவுல இருந்த வித்தியாசம் பெருசு. அதாவது ரேங்க்ல எங்கயோ கீழ இருக்கற பப்ளிக் யூனிவர்சிட்டில நல்லா கத்துக்கிட்டவங்களும் இருக்காங்க, பெரிய பேர் உள்ள இடத்துல சும்மா நாலு வருஷம் ஓட்டினவங்களும் இருக்காங்க.

டிகிரி முடிச்சவங்களை எண்ணின புத்தகம்

அடுத்த புத்தகம் கத்துக்கறதை அளக்கவே இல்ல. 2009ல வந்த 'கிராஸிங் தி ஃபினிஷ் லைன்', வில்லியம் போவன், மேத்யூ சிங்கோஸ், மைக்கேல் மெக்ஃபெர்சன் மூணு பேரும் எழுதினது. முழுக்க முழுக்க பப்ளிக் யூனிவர்சிட்டி பத்தினது, 21 ஃப்ளாக்‌ஷிப்போட நாலு மாநிலங்களோட கல்வி அமைப்புகளையும் எடுத்துக்கிட்டு, 1999ல சேர்ந்தவங்கள்ல யார் முடிச்சாங்க யார் பாதில விட்டாங்கன்னு பாத்தாங்க.

இங்க ஒரு சொல்லைத் தெரிஞ்சுக்கணும், கிராஜுவேஷன் ரேட். ஒரு வருஷம் சேர்ந்தவங்கள்ல எத்தனை சதவீதம் பேர் டிகிரி வாங்கினாங்கங்கிறதுதான். நாலு வருஷப் படிப்புக்கு ஆறு வருஷம் வரைக்கும் டைம் கொடுத்து எண்ணுவாங்க. அரசாங்கம் ரொம்ப நாளா வெளியிட்ட கணக்குல முதல் தடவையா முழுநேரமா சேர்ந்தவங்க மட்டும்தான் வருவாங்க. கம்யூனிட்டி காலேஜ்ல ரெண்டு வருஷம் படிச்சுட்டு வந்து இங்க டிகிரி வாங்கினவர் அந்த எண்ணிக்கைல இல்லவே இல்ல. இங்கேர்ந்து மாறிப்போய் வேற இடத்துல முடிச்சவர் இந்த காலேஜ் கணக்குல "முடிக்காதவர்". இப்படி வர்றவங்க போறவங்க அதிகமா இருக்கற ரீஜனல் காலேஜ்களோட நம்பர் பாக்கறதுக்கு மோசமா இருக்கறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

புத்தகத்தோட ரெண்டு கண்டுபிடிப்பு ரொம்பப் பேசப்பட்டுச்சு. ஒண்ணு, யார் முடிப்பாங்கன்னு கணிக்க எஸ்.ஏ.டி. மாதிரி நுழைவுத் தேர்வு மார்க்கைவிட ஸ்கூல்ல நாலு வருஷம் வாங்கின மார்க் நல்லா உதவுது. ஒரு நாள் தேர்வு ஒரு நாளைத்தான் காட்டும், ஸ்கூல் மார்க் விடாம வேலை பாக்கற பழக்கத்தையும் சேத்துக் காட்டுது. ரெண்டாவது, அண்டர்மேட்ச். தகுதி இருந்தும் அதைவிடக் குறைஞ்ச இடத்துல போய்ச் சேர்றதுக்குப் பேர் இது. வசதி குறைஞ்ச வீட்டுப் பசங்கதான் இப்படி ஜாஸ்தி பண்றாங்க, பல பேர் பெரிய யூனிவர்சிட்டிக்கு அப்ளையே பண்றதில்ல. அப்படிச் சேர்ந்தவங்க, அதே தகுதியோட பெரிய இடத்துல சேர்ந்தவங்களைவிடக் குறைவாத்தான் முடிச்சாங்க. அப்ப பாடம், பெரிய இடத்துக்கே போங்க. சரிதானே?

ஒரு ஹாஸ்டல் மாடில நடந்தது

சரின்னு சொல்லிட்டு அடுத்த புத்தகத்தைத் திறந்தா அது எதிர்த்திசைல இழுக்குது. 'பேயிங் ஃபார் தி பார்ட்டி', எலிசபெத் ஆம்ஸ்ட்ராங், லாரா ஹாமில்டன், 2013. இவங்க ஆயிரக்கணக்கான பேரை எண்ணல. மிட்வெஸ்ட் பகுதில ஒரு ஃப்ளாக்‌ஷிப்போட ஹாஸ்டல்ல ஒரே ஒரு மாடியை எடுத்துக்கிட்டு, அங்க ரூம் போட்டு, அந்த மாடில இருந்த பொண்ணுங்களை அஞ்சு வருஷம் தொடர்ந்து பாத்தாங்க.

பாத்தது என்னன்னா, அந்த யூனிவர்சிட்டில ரொம்பச் சுலபமா கண்ணுல படற பாதை பார்ட்டிப் பாதைதான், அதாவது வெளி மாநிலத்துலேர்ந்து கூடுதல் ஃபீஸ் கட்டி வர்ற பணக்கார வீட்டுப் பொண்ணுங்களுக்கு ஏத்த மாதிரி சுலபமான மேஜர் (முக்கியப் பாடம்), கிரீக் கிளப் (மாணவர்களே நடத்தற சமூக சங்கம்), விருந்துன்னு ஓடற பாதை. அவங்க சுமாரா படிச்சாலும் அப்பா அம்மாவோட பணமும் தொடர்பும் வேலை வாங்கிக் கொடுத்துடும். அதே பாதைல தெரியாம காலை வெச்ச சாதாரண வீட்டுப் பொண்ணுக்கு கடைசில மிஞ்சறது கடனும் உதவாத மேஜரும். கீழ்த்தட்டு வீட்டுலேர்ந்து வந்தவங்கள்ல ரீஜனல் காலேஜுக்கு மாறிப் போனவங்க, அந்தப் பெரிய பேர் உள்ள இடத்துலயே தாக்குப்பிடிச்சவங்களைவிட நல்ல நிலைமைக்கு வந்தாங்க.

அப்ப யார் சொல்றது சரி? ரெண்டு பேருமேதான், ஆனா கேள்வி வேற. போவன் கூட்டணி சராசரியைப் பாத்துது, ஆயிரக்கணக்கான பேர்ல பெரிய இடத்துல சேர்ந்தவங்க அதிகமா முடிச்சாங்க. ஆம்ஸ்ட்ராங்கும் ஹாமில்டனும் அந்தச் சராசரிக்கு உள்ள போய், ஒரே கட்டடத்துல ஒரே மாடில இருக்கறவங்களுக்கு யூனிவர்சிட்டி எப்படி வேற வேறயா வேலை செய்யுதுன்னு பாத்தாங்க. ஒரு மாடியை வெச்சு நாட்டுக்கே தீர்ப்பு சொல்ல முடியாது, சராசரியை வெச்சு ஏன் அப்படி நடக்குதுன்னு சொல்லவும் முடியாது. ரெண்டுல ஒண்ணை மட்டும் படிச்சவங்கதான் ரொம்ப உறுதியா பேசறாங்கங்கிறது என்னோட அனுபவம்.

சுருக்கமா: "கத்துக்கிட்டாங்களா", "முடிச்சாங்களா", "யாருக்குப் பலன்"னு மூணு கேள்வி இதுவரைக்கும் வந்திருக்கு. ஒரு யூனிவர்சிட்டி ஒண்ணுல நல்லாவும் இன்னொண்ணுல மோசமாவும் இருக்கலாம்.

மூணாவது கேள்வியை நம்பராவும் பாத்திருக்காங்க. ராஜ் செட்டியும் கூட்டாளிங்களும் 2017ல வெளியிட்ட ஆய்வு அது. ஒரு காலேஜ்ல வருமானத்துல அடிமட்டத்து அஞ்சுல ஒரு பங்கு வீடுகள்லேர்ந்து வர்றவங்க எத்தனை சதவீதம், அதுல மேல்மட்டத்து அஞ்சுல ஒரு பங்குக்கு ஏறினவங்க எத்தனை சதவீதம், ரெண்டையும் பெருக்கினாங்க. கலிஃபோர்னியா ஸ்டேட் யூனிவர்சிட்டியோட லாஸ் ஏஞ்சலஸ் கேம்பஸுக்கு கிட்டத்தட்ட 10 சதவீதம் வந்துச்சு. ஐவி லீக் வகை, அதாவது ரொம்பப் பேர் போன தனியார் காலேஜ்களோட சராசரி 2 சதவீதம் சொச்சம். அங்க போன ஏழைப் பசங்க நல்லாவே ஏறினாங்க, ஆனா போனவங்களே ரொம்பக் கம்மி.

காசு எங்க போகுது

இதுலதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி வருது, சாதாரணமா யாரும் விளக்காததும் இதுதான். கிறிஸ்டோஃபர் நியூஃபீல்ட் 2016ல எழுதின 'தி கிரேட் மிஸ்டேக்'. பப்ளிக் யூனிவர்சிட்டிகளை தனியார் கம்பெனி மாதிரி நடத்தப் போனதுதான் தரத்தைக் குறைச்சுதுன்னு வாதாடறார்.

அதுல முக்கியமான சொல் கிராஸ் சப்சிடி: ஒரு வேலைல மிச்சமாகற காசை எடுத்து இன்னொரு வேலைல விழற துண்டைச் சரிக்கட்டறது. வெளிலேர்ந்து ஆராய்ச்சி கிராண்ட், அதாவது ஆராய்ச்சிக்குன்னு தர்ற பணம், வந்தா யூனிவர்சிட்டிக்கு வருமானம்னுதான் எல்லாரும் நினைப்பாங்க. ஆனா கிராண்ட் பணம் லேப் ஆளுங்க சம்பளத்துக்கும் கருவிக்கும் போய்டும். கட்டடம், கரண்ட், கணக்கு எழுதற ஆபீஸ் மாதிரி மறைமுகச் செலவுக்குன்னு தனியா ஒரு தொகை தருவாங்க, அது முழுசா போதாது. மிச்சத்தை யூனிவர்சிட்டி தன் கையிலேர்ந்து போடணும். கையில இருக்கறது எது? மாநில அரசு தர்ற பணமும் மாணவர் ஃபீஸும். நானூறு பேர் உக்காந்திருக்கற பெரிய ஹால்ல நடக்கற ஒரு ஆர்ட்ஸ் பாடத்துக்குச் செலவு கம்மி, ஃபீஸ் வரவு ஜாஸ்தி, மிச்சம் அங்கேர்ந்துதான் வருது. அப்ப கிராண்ட் எவ்வளவுக்கெவ்வளவு கூடுதோ அவ்வளவுக்கவ்வளவு சொந்தக் காசும் போடணும். இதோட மாநிலமும் பணத்தைக் குறைச்சா ஃபீஸ் ஏறும், ஃபீஸ் ஏறினா "அதான் மாணவர்கள் கட்டறாங்களே"ன்னு மாநிலம் இன்னும் குறைக்கும். இந்தச் சுழலைத்தான் அவர் படிப்படியா காட்டறார்.

காசு போற வழியைக் காட்டறதுல புத்தகம் கெட்டி. அதனால கத்துக்கறது எவ்வளவு குறைஞ்சுதுங்கறதுக்கு அவர் தனியா டெஸ்ட் எதுவும் வெச்சுப் பாக்கல, அதையும் மனசுல வெச்சுக்கணும். அதோட இந்தப் புகார் புதுசும் கிடையாது. மாஸ்டர் பிளானுக்குப் பின்னாடி இருந்த, அப்ப யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா தலைவரா இருந்த கிளார்க் கெர் 1963ல ஹார்வர்ட்ல பண்ணின உரைகள் 'தி யூசஸ் ஆஃப் தி யூனிவர்சிட்டி'ன்னு புத்தகமாச்சு. ஆசிரியர்கள் ஆராய்ச்சில எவ்வளவு உசந்தவங்களா ஆகறாங்களோ அவ்வளவு இளநிலைப் பசங்களுக்குப் பாடம் நடத்தறதுல கவனம் குறையுதுன்னு அவரே அதுல ஒத்துக்கறார், மாநிலம் கை நிறைய கொடுத்துட்டிருந்த காலத்துல. ரீகன் கலிஃபோர்னியா கவர்னராகி சில வாரத்துலயே, 1967 ஜனவரில, கெர்ரைப் பதவிலேர்ந்து தூக்கிட்டாங்கங்கிறது வேற கதை.

டிகிரி வெறும் முத்திரைன்னு சொல்றவர்

இதைச் சீக்கிரம் முடிச்சுடலாம். பிரையன் கேப்லன், 2018, 'தி கேஸ் அகெய்ன்ஸ்ட் எஜுகேஷன்'. அடிப்படை யோசனை மைக்கேல் ஸ்பென்ஸ் 1973ல எழுதினது, பேர் சிக்னலிங்: படிப்பால திறமை கூடாட்டியும், டிகிரி இருக்கறவர் ஏற்கனவே புத்திசாலி, சொன்ன வேலையை முடிப்பார்னு கம்பெனிக்குக் காட்டுது, அதுக்குத்தான் சம்பளம். கேப்லன் காட்டற ஆதாரத்துல நல்லது எதுன்னா, டிகிரிக்கு முந்தின வருஷங்களைவிட டிகிரி கைக்கு வர்ற கடைசி வருஷம் சம்பளத்தை ரொம்ப ஜாஸ்தி ஏத்துது, கடைசி வருஷத்துல மட்டும் அவ்வளவு அதிகமா கத்துக்க என்ன இருக்குங்கறார். கேள்வி நியாயமானது. ஆனா கல்விக்கு அரசாங்கப் பணத்தை வெட்டணும்னு அவர் போற தூரம் எனக்கு ஒத்து வரல. அதை எழுதறவர் வேலை பாக்கறது ஜார்ஜ் மேசன்ல, அதுவும் வர்ஜீனியா மாநில பப்ளிக் யூனிவர்சிட்டிதான்.

எதுலேர்ந்து ஆரம்பிக்கிறது

புதுசா படிக்கறவங்களுக்கு 'பேயிங் ஃபார் தி பார்ட்டி'யை முதல்ல கொடுப்பேன், ஆளுங்க இருக்காங்க, கதை மாதிரி ஓடும். அப்புறம் ஆரம், ரோக்சா. போவன் புத்தகம் முழுக்க சார்ட்டும் டேபிளும், எல்லாத்தையும் படிக்கணும்னு இல்ல, அண்டர்மேட்ச் வர்ற பகுதியும் தேர்வு மார்க் பத்தின பகுதியும் போதும். நியூஃபீல்டைப் படிக்கறப்ப பக்கத்துல ஒரு பேப்பர் வெச்சு காசு எங்கேர்ந்து எங்க போகுதுன்னு கோடு போட்டுக்கிட்டே வாங்க, இல்லைன்னா நடுவுல தொலைஞ்சுடுவீங்க. எந்தப் புத்தகமா இருந்தாலும் எத்தனை பேரைப் பாத்தாங்க, எந்த வருஷம் சேர்ந்தவங்க, ஃப்ளாக்‌ஷிப்பா ரீஜனலா, உள்ள வந்தப்பவும் அளந்தாங்களாங்கிற விவரமெல்லாம் முன்னுரைலயோ பின்னாடி இருக்கற ஆய்வுமுறைப் பகுதிலயோ இருக்கும். அட்டைப்படம் பாத்துட்டு நேரா முடிவுரைக்குத் தாவற ஆளா இருந்தா, போற வழியில அந்த ரெண்டு மூணு பக்கத்தையும் ஒரு தடவை படிச்சுட்டுப் போங்க.